கமரான் தீவும் காலராவும்

செங்கடலில், யமன் நாட்டுக் கரையோரம், கமரான் என்றொரு சிறு தீவு உண்டு. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் பலர், கஅபாவைக் காணுமுன் அத்தீவைக் கண்டனர். 1882-இல் உதுமானிய அரசு அங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. மருத்துவ அறிவும் அரசியலும் ஒன்றையொன்று எவ்வாறு வளைக்கின்றன என்பதை அறிய, அதன் பின்னணியை நாம் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

1865 ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா மூண்டது. ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. திரும்பிச் சென்றோருடன் நோய் எகிப்தை அடைந்து, ஐரோப்பியத் துறைமுகங்களையும் எட்டியது. கலங்கிய அரசுகள் 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் மாநாடு கூட்டின. இந்நோய் இந்தியாவில் பிறந்து மனிதரோடு பயணம் செய்கிறது என அம்மாநாடு முடிவுரைத்தது.

இம்முடிவு பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கசந்தது. அதை ஒப்பினால் இந்தியக் கப்பல்கள் துறைமுகந்தோறும் காத்துக்கிடக்க வேண்டும்; வாணிகம் முடங்கும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இவ்வச்சம் மிகுந்தது. ஹஜ் பயணத்தைத் தடுத்தால் முஸ்லிம்கள் சினங்கொள்வர் என்ற கலக்கமும் உடனிருந்தது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் கன்னிங்ஹாம், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று என்றே வாதிட்டார். லண்டனிலோ, குடிநீரே நோயைப் பரப்புகிறது என்பதை ஜான் ஸ்னோ 1854-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். அதன்பின்னும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஆய்வுக்குழு அவர் கூற்றை மறுத்தது. வாணிகத்தின் தேவை, ஆய்வின் தீர்ப்பாக உடை மாற்றிக்கொண்டது.

அவ்வாறாயின் மறுதரப்பு நீதியின் தரப்பா? அப்படியும் நாம் சொல்லிவிட இயலாது. தடுப்பு நிலையங்களை வலியுறுத்திய ஐரோப்பிய அரசுகள் முதற்கண் அஞ்சியது தம் நகரங்களுக்காகவே. கமரானில் நாட்கணக்கில் தங்கி, அதற்குக் கட்டணமும் செலுத்தியவர் ஹாஜிகளே. அவர்களுள் பலர் வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வந்த ஏழைகள்.

ஹஜ் பயணிகளின் நோய்த்தடுப்புப் பொறுப்பு 1957-இல்தான் முழுமையாகச் சவூதி அரசிடம் வந்தது. கமரானின் காலமும் முடிந்தது. ஆயினும் அது விட்டுச் சென்ற பாடம் முடியவில்லை. கப்பலை நிறுத்துவதா, விடுவதா என்று வல்லரசுகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. காக் கண்ட அந்தக் குளத்தைச் சுற்றி வாழ்ந்தோர்க்குத் தூயநீர் தருவது யார் பொறுப்பு என்ற வினா அவ்வழக்கில் பின்தள்ளப்பட்டது. எந்த ஆய்வு முடிவும் அரசவையில் ஏற்கப்படும்போதும் தள்ளப்படும்போதும், அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும்.