வடிவியல் வகுப்பில் பிறந்த நட்சத்திரம்

டிசம்பர் வந்துவிட்டால் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் கிறிஸ்தவர் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டாம். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். பல நாடுகளில் பல வடிவங்களில் தொங்கும் இந்த நட்சத்திரங்களில், பிறந்த ஊர் தெரிந்த ஒன்று உண்டு. அதன் ஊர் ஜெர்மனியின் நீஸ்கி.

1722இல் மொரேவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்தார். அங்கே எழுந்த ஊர் ஹெர்ன்ஹுட். பத்தே ஆண்டில் அங்கே உருவான சின்ன மொரேவியச் சபை கரீபியத் தீவுகளுக்கு மிஷனரிகளை அனுப்பியது. 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் கடல் கடந்து ஊழியம் செய்ய, பிள்ளைகள் சபையின் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தார்கள்.

நீஸ்கியில் இருந்ததும் அப்படி ஒரு பள்ளிதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கன உருவங்கள் மனத்தில் பதிவதற்காக மாணவர்களைக் காகித நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். இன்று பரவியுள்ள வடிவத்தின் கணக்கு இது: 18 சதுரங்களும் 8 முக்கோணங்களும் சேர்ந்த ஓர் உருவம். மேலே உள்ள சதுரத்தை விளக்குக்கும் கயிற்றுக்கும் விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு முகத்திலும் ஒரு கூர்முனை ஒட்டினால் 25 முனைகள்.

பாடமாகத் தொடங்கியது பண்டிகை வழக்கமாக மாறியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று நட்சத்திரம் ஏறும். பெத்லகேமுக்கு வழிகேட்டு வந்த ஞானியரின் நினைவாக, மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை எரியும்.

1880 வாக்கில் அப்பள்ளியின் பழைய மாணவர் பீட்டர் வெர்பேக் தம் புத்தகக் கடையில் இதை விற்கத் தொடங்கினார். பிறகு முனைகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கும் வகை வந்தது. நட்சத்திரம் தபாலில் ஊர்விட்டு ஊர் போனது. 1950 வாக்கில் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு நட்சத்திரம் செய்துவந்த தொழிற்கூடத்தை எடுத்துக்கொண்டது. 1968இல் அது சபைக்கே திரும்பியது. மழை தாங்கும் பிளாஸ்டிக் வகை வந்ததும் தாழ்வாரமும் தெருவும் அதற்கு இடமாயின. மொரேவியர் குடியேறிய அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலத்தில் நகராட்சியே விளக்குக் கம்பங்களில் அதை ஏற்றுகிறது.

விடுதி அறைக்குள் எரிந்தவரை அது பிள்ளைகளின் பண்டிகை. வாசலுக்கு வந்த பின்னர், உள்ளே இருப்பவரின் விசுவாசத்தைத் தெருவில் போகிறவருக்கும் அது சொல்லிவிடுகிறது.