ஆற்றுக்கும் ஒரு விழுக்காடு

திருமலை-திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. இது நம் அன்பர்கள் பலரும் அறிந்ததே. அவற்றை மன்னர் வரிசைக்காகப் படிப்போர் உண்டு. பிரசாதப் பட்டியலுக்காகப் படிப்போரும் உண்டு. அரிசி மண்டியில் கணக்கு எழுதியே தலை நரைத்த எனக்கு அவை நல்ல ஒப்பந்தப் பத்திரங்களாகத் தெரிகின்றன.

விசயநகரக் காலத்தில் ஒருவர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார். அப்பணத்தைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரி ஆழப்படுத்துவார்கள், கால்வாய் வெட்டுவார்கள். நீர் பெருகும், விளைச்சல் கூடும். அந்த மிகுதியிலிருந்து நாள்தோறும் அமுது படைக்கப்படும். இதைப் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1960இல் ஆராய்ந்து எழுதினார். படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குக் கால் பங்கு. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். என்ன அழகான சொல்! விட்டுக் கொடுத்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அதன் நியாயம்.

சரி, நீரில் வாழும் மீனுக்கு இந்தக் கணக்கில் என்ன இடம்? தமிழ்க் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒன்று வரும். ஏரி மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் பாட்டம் அது. மீன் அங்கே வரவினம், பங்காளி அல்ல.

"ஏன் நயினாரே, மீனே சாப்பிடாத நீங்க மீனுக்கு ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க?" என்று கடைக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டார். "சாப்பிடாதவன்தானய்யா பேசணும், சாப்பிடறவன் பேசினா தட்டுக்குன்னு நினைப்பாங்க" என்றேன். ஆனால் கொல்லாமை மட்டும் ஈண்டு போதாது. அசோகர் முடிசூடி 26 ஆண்டு கழித்து வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியலில் சில மீன்களும் உண்டு. குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் தடை. உலக வரலாற்றிலேயே பெரிய செய்தி அது. ஆனால் அது கையைத் தடுத்த ஆணை. ஆறே வற்றிப் போனால் வலையைத் தடுத்து என்ன பயன்?

நம் ஊர்ப் பாலாற்றுக்கு வருவோம். 348 கிலோமீட்டர் நீளத்தில் கர்நாடகத்தில் 93, நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கம் 33, மீதி 222 தமிழ்நாட்டில். 1892 பிப்ரவரி 18இல் சென்னை அரசும் மைசூரும் செய்த உடன்படிக்கையின் ஆற்றுப் பட்டியலில் பாலாறும் உண்டு. முன்கூட்டிக் கேட்காமல் மேலே புதிய நீர்த்தேக்கம் கட்டாதே, கீழே உள்ளவனின் பழைய பாசன உரிமைக்கு ஊறு செய்யாதே - சாரம் இதுதான். அப்போது சித்தூர் வடஆர்க்காட்டின் தலைநகர். 1911இல்தான் தனி மாவட்டம். இப்பத்திரத்தைக் காட்டித்தான், குப்பத்தில் ஆந்திர அரசு கட்ட நினைத்த அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2006இல் உச்ச நீதிமன்றம் சென்றது. இரு பக்கமும் நமக்கு வேண்டியவர்களே. தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் மேல்மடைக்காரன், கீழ்மடைக்காரன் இருவரையும் கண்ட அப்பத்திரம் நடுவில் ஓடும் ஆற்றைக் காணவில்லை. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிற உயிர். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததுபோல என்றோ ஒரு நாள் பெருவெள்ளம் வந்தால் மட்டும் அதன் பிழைப்பு நடக்காது.

ஆற்றின் பெயரில் எண்ணோடு ஒரு பங்கு எழுதப்பட்டது, நானறிந்து நம் பக்கத்தில், காவிரியில்தான். 2007 பிப்ரவரி 5ஆம் நாள் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. பிப்ரவரி முதல் மே வரை, ஆறு சுருங்கும் மாதங்களில், பிலிகுண்டுலுவில் மாதம் இரண்டரை. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 ஆகக் குறைத்தது. இந்தப் பத்தைத் தொடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. மண்டியில் தரகே அதைவிட அதிகம்! அதிலும் எந்த மீனின் பெயரும் இல்லை. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்டது காவிரிப் படுகையின் கூன்முதுகு மகசீர். அதே மீன் 2018இல் 'மிக அருகிய இனம்' என்று உலகப் பட்டியலில் ஏறியது. மோயாற்றில் எஞ்சியிருப்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்.

மீனின் பெயரைச் சொல்லியே பேரம் நடந்த இடம் அமெரிக்காவின் கிளாமத் ஆறு. 2001 ஏப்ரலில், வறட்சி ஆண்டு, சக்கர் என்ற ஏரி மீனையும் கோஹோ சால்மனையும் காக்கப் பெரும்பாலான உழவர்களின் பாசன நீரை நிறுத்தினார்கள். உழவர்கள் மதகை உடைத்துத் திறக்கும் அளவுக்குப் போனார்கள். மறு ஆண்டு பாசனத்துக்கு விட்டார்கள். செப்டம்பரில் கீழ் ஆற்றில் 30,000க்கு மேல் சால்மன் செத்து மிதந்தது. ஒரு வருஷம் இவனுக்கு அடி, மறு வருஷம் அவனுக்கு அடி. பிறகுதான் உழவரும் பழங்குடியினரும் மீனவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பல்லாண்டுப் பேச்சுக்குப்பின் 2010 பிப்ரவரி 18இல் கையெழுத்து. (நம் 1892 பத்திரத்தின் அதே தேதி, காவிரியின் 1924 உடன்படிக்கையும் பிப்ரவரி 18தான்.) உழவனுக்கு இவ்வளவு நீர் நிச்சயம், மீனுக்கு இவ்வளவு நிச்சயம் என்ற அந்த நீர்ப் பங்கீடு, அவர்கள் நாடாளுமன்றம் ஒப்பாததால் 2015 முடிவில் காலாவதியாயிற்று. அணை பற்றிய மற்றோர் உடன்படிக்கை திருத்தப்பட்டுப் பிழைத்தது. 2024க்குள் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே பழைய அணைகளுக்கு மேலே சால்மன் ஏறி வந்தது.

நம் பாலாற்றிலும் பொன்முகலியிலும் இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மூன்று மாநிலமும் பாலாற்றுக்காக என்றேனும் உட்கார்ந்தால் பத்திரத்தில் நான்காவது பங்காளியாக ஆற்றையும் எழுதலாம். எந்த மாதம், எந்த மதகு, எத்தனை கன அடி என்று எண்ணாகவே எழுத வேண்டும். திருப்பதிக் கல்வெட்டுக்காரர்கள் விட்டவனுக்குக் கால் பங்கு வைத்தார்கள். ஆற்றுக்குக் கால் பங்கு யாரும் தரமாட்டார்கள், தெரியும். நூற்றுக்கு ஐந்தில் பேச்சைத் தொடங்கலாம்.