சரக்குப் பாதையில் மனிதர்: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் பயண வரலாறு

முன்னுரை

மலாயாவின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் ஈயம், நிலக்கரி, ரப்பர் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ரப்பரைத் தந்த தோட்டத் தமிழர் எதில் ஏறி, எங்கே, யாருடைய அனுமதியோடு சென்றனர் என்ற கேள்வி அதில் ஓரத்துக்குப் போய்விட்டது. கோலசிலாங்கூர் மாவட்டத்தையும் அண்டையிலுள்ள உலு சிலாங்கூரையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. சரக்குக்காகப் போட்ட பாதைகளில் தோட்ட மக்கள் தங்கள் நடமாட்டத்தைப் போராடியும் சிறுகச் சிறுகச் சேமித்தும் பெற்றனர் என்பதே இதன் கருத்து.

ஆறும் தண்டவாளமும்

சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகரான கோலசிலாங்கூருக்கு ஆறுதான் நெடுஞ்சாலை. புக்கிட் மலாவாத்திக் கோட்டை அதன் முகத்துவாரத்தைக் காத்து நின்றது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசையில் ரயில் ஓடத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. ஈயச் சுரங்கங்களைத் தொடர்ந்து பாதை வடக்கே நீண்டு, 1892-இல் ரவாங்கையும் 1893-இல் செரெண்டாவையும் 1894-இல் கோல குபுவையும் அடைந்தது. முதன்மைப் பாதை உள்நாட்டின் வழியே சென்றதால் கரையோரக் கோலசிலாங்கூர் விலகி நின்றது. கிள்ளான் பக்கமிருந்து அங்கு வந்த கிளைப்பாதையும் நிலைக்கவில்லை. 1915-இல் பத்து ஆராங்கில் சுரங்கம் தொடங்கியபின், குவாங்கிலிருந்து வந்த கிளைப்பாதை நிலக்கரியை ஏற்றிச் சென்றது.

தோட்டத்துக்குள் அடங்கிய உலகம்

1905-இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோன்னியே, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கினார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் தொடங்கிய நடவே நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர். ரப்பர், செம்பனை ஆகிய இரு பயிர்களுக்கும் நேரம் முக்கியம். ரப்பர் பால் உறையுமுன் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அறுத்த செம்பனைக் குலையைத் தாமதிக்காமல் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். தோட்டச் சாலைகளின் போக்கையும் லோரிகளின் நேரத்தையும் இந்த அவசரம்தான் தீர்மானித்தது. தொழிலாளியோ தமிழகத்திலிருந்து பினாங்குக்கோ போர்ட் சுவெட்டன்ஹாமுக்கோ கப்பலில் வந்திறங்கி, நோய்த்தடுப்பு முகாம் கடந்து, நேரே லயத்துக்கு வந்தார். கடை, கோயில், பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. கடல் கடந்து வந்தவருக்குப் பக்கத்துப் பட்டணம் எட்டாத தூரமாயிற்று.

சைக்கிளும் தன்மானமும்

இந்த எல்லையை முதலில் உடைத்தது சைக்கிள். அதில் போகும் தொழிலாளி, துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்ட வழக்கம். 1941-இல் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியபோது, ஊதிய உயர்வு, வேலை நேரக் குறைப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு ஒரு கோரிக்கை சேர்ந்தே வந்தது: மேலாளர், பணியாளர் முன்னிலையில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் அப்பட்டியலில் இருந்தது. நடமாட்டத்தைக் கூலிக்கு நிகரான உரிமையாக அத்தொழிலாளர் எண்ணினர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகளின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

அடுத்த ஆண்டுகளில் பயணமே கொடுமையாக மாறியது. ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் முள்வேலி, ஊரடங்கு, உணவுப் பொருள் சோதனை ஆகியவை தோட்ட மக்களின் போக்குவரத்தை மீண்டும் கட்டிப்போட்டன.

பேருந்து, மோட்டார், கார்

சுதந்திரத்துக்குப்பின் கோலசிலாங்கூரைக் கோலாலம்பூருடனும் கிள்ளானுடனும் பேருந்துகள் இணைத்தன. ஆனால் பஸ் பெரிய சாலையோடு போய்விடும். அங்கிருந்து லயம் வரை செம்மண் பாதையில் நடையோ சைக்கிளோதான். தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லத் தோட்ட லோரி உதவியது. பின்னர் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து இளம்பெண்களை மின்னணு ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றபோது, தோட்டத்துக்கு வெளியே சம்பளம் வாங்கும் முதல் தலைமுறை உருவானது. மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்தது. 1985-இல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் உலு சிலாங்கூரின் சுங்கை சோவிலிருந்தே வெளிவந்த பெரொடுவா கஞ்சிலும் காரைத் தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டும் பொருளாக்கின.

இவ்வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் தோட்டம் கைமாறியபின் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். தோட்டம் கலைந்தபோது அதன் கடையும் வேலையும் கலைந்தன. பயணத்தின் தேவை மட்டும் பெருகியது. 2011-இல் திறந்த லாட்டார் நெடுஞ்சாலை ஈஜோக்கைத் தலைநகர்ப் பகுதிக்கு நெருக்கமாக்கியது உண்மை. அது கார் உள்ளவருக்கான நெருக்கம். கொம்யூட்டர் ரயில் ரவாங்கையும், 2016 இறுதியில் எம்.ஆர்.டி. சுங்கை பூலோவையும் சேர்ந்தன. அவற்றுக்கு அப்பால் பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ வாழும் முதியவர், ஆற்றுக்கு அக்கரையில் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குச் செல்ல மகனின் விடுமுறையை எதிர்பார்க்கிறார்.

முடிவுரை

இத்தகையவரை மறக்காத திட்டமிடலுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிமிடத்தில் புறப்படும் வகையில் அட்டவணை அமைந்தது. மலைச் சிற்றூர்களுக்குச் செல்லும் மஞ்சள் அஞ்சல் பேருந்துகள் ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்தில் நிற்கின்றன. கார் இல்லாதவரையும் கணக்கில் கொண்ட திட்டம் அது. சிலாங்கூர் அரசு 2015-இல் தொடங்கிய இலவசப் பேருந்துச் சேவை நல்ல அடித்தளம். அதைச் சுங்கை பூலோ, ரவாங் நிலையங்களின் ரயில் நேரத்தோடும் மருத்துவமனை நேரத்தோடும் பிணைத்து, பழைய தோட்டக் குடியிருப்புகளின் வாசல் வரை நீட்டுவதே அடுத்த படி. பால் உறையுமுன் லோரி வந்து சேர வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே திட்டமிட முடிந்த மண்ணில், நோயாளிக்கு நேரத்தோடு பேருந்து வரச் செய்வது இயலாத காரியம் அன்று. 1941-இல் சைக்கிளுக்காக எழுந்த கோரிக்கையின் எஞ்சிய பகுதி இதுவே.