கழிவுநீரில் பிறந்த சுடர்

மாதுங்கா என்றால் மும்பைத் தமிழருக்குக் கோயில்களும், காய்கறிக் கடைகளும், காப்பி மணமும் நினைவுக்கு வரும். அப்பகுதிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1897-ஆம் ஆண்டில் அங்கிருந்த தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுநீர்த் தொட்டியில் எழுந்த வாயுவைச் சேகரித்துப் பயன்படுத்தினர். ஊரார் ஒதுக்கி வைத்த மக்களின் உறைவிடத்தில், எல்லோரும் வெறுத்தொதுக்கும் கழிவினின்றும் எரிபொருள் கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரன் அமைத்த தொட்டியின் வாயு விளக்கெரிக்க உதவிற்று.

இவ்வாயுவை ஆக்குபவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே. காற்றுப் புகாத தொட்டியில் சில வகை நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. வேறு சில முடிவில் மீதேன் வாயுவைத் தருகின்றன.

இவ்வுண்மை எளிதில் தெளிவாகவில்லை. ருஷ்ய அறிஞர் ஓமெலியான்ஸ்கியின் பெயரால் வழங்கிய ஒரே நுண்ணுயிர் சாராயத்தை மீதேனாக்குவதாக நெடுங்காலம் நம்பினர். 1967-இல் அமெரிக்க அறிஞர் பிரையன்ட்டும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தபோது, ஒன்றெனக் கருதியது ஈருயிர்களின் கூட்டு எனப் புலனாயிற்று. முதலாவது ஹைட்ரஜனை வெளியிடுகின்றது. அது தேங்கினால் அவ்வுயிரின் தொழிலே தடைப்படும். இரண்டாவது அந்த ஹைட்ரஜனை உட்கொண்டு, அதனை மீதேனாக்கித் தன் துணையைக் காக்கின்றது.

மீதேன் ஆக்கும் உயிர்களோ மெல்லப் பெருகும் இயல்பின. நீர் விரைந்தோடினால் அடித்துச் செல்லப்படும். அமிலம் மிகுந்தால் நலியும். ஆகவே வாயுவைப் பெருக்க விரும்புவோர், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், புதிய தொட்டியில் பழைய தொட்டியின் கசட்டை இடுகின்றனர். உயிர்கள் வெளியேறாவண்ணமும் காக்கின்றனர். 1970-களில் ஹாலந்து நாட்டு அறிஞர் லெட்டிங்கா, சர்க்கரை ஆலைக் கழிவுநீரைக் கீழிருந்து மேலே செலுத்தி, நுண்ணுயிர்கள் திரண்டு தொட்டிக்குள்ளேயே தங்கும் முறையை வகுத்தார். அம்முறையில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நிலையம், 1989-இல் கான்பூரையடுத்த ஜாஜ்மோவில், கங்கைக் கரையில் இயங்கத் தொடங்கிற்று.

ஏதேனும் ஒரு நுண்ணுயிரை வெளியிலிருந்து கொணர்ந்து ஊற்றினால் வாயு பெருகிவிடும் என்று எண்ணுதல் பிழை. தங்க இடமும், உடனுழைக்கத் துணையும் வாய்த்தாலன்றி அது நிலைபெறாது. பிழைப்பை நாடி அயலூர் வந்து, அக்கம்பக்கத்தாரின் துணையால் வேரூன்றிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.