எடுபடாத முதல் ஆல்பம்

மாப் டீப் என்ற ராப் இரட்டையர் பேச்சு வந்ததும் எல்லோரும் 1995-இல் வந்த ‘தி இன்ஃபேமஸ்’ ஆல்பத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்து எடுபடாமல் போன ‘ஜுவனைல் ஹெல்’ பேச்சை எடுத்தால் ரசிகர்களே முகம் சுளிப்பார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் பார்த்தே காலம் தள்ளுகிற எனக்கு அந்த முதல் ஆல்பத்தின் மேல்தான் கண். சரியாக அமையாத பாட்டில்தான் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

கதை நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜில் தொடங்குகிறது. 1939-இல் திறந்த அரசுக் குடியிருப்பு, 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள். செலவை மிச்சம்பிடிக்க லிஃப்டை 1, 3, 5 தளங்களில் மட்டும் நிற்கிற மாதிரி கட்டினார்கள். நான்காம் தளத்துக்காரர் மூன்றில் இறங்கி ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தில் இறங்கி இறங்க வேண்டும். ஏழைகளுக்கு வீடு கட்டுகிறவர்களின் சிக்கனம் எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும் போல. 1950-களில், வருடம் 3,000 டாலருக்கு மேல் சம்பாதித்த குடும்பங்களை வேறு குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். வசதி குறைந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். 80-களில் கிராக் போதை வந்து சேர்ந்தது.

அதே 80-களில் அங்கிருந்து மார்லி மார்ல் வந்தார். பழைய இசைத்தட்டிலிருந்து டிரம் அடி ஒன்றை மட்டும் தனியாகப் பிடுங்கி, இஷ்டப்படி திரும்ப அடிக்கலாம் என்று காட்டியவர். அவர் இசையில் எம்சி ஷான் பாடிய ‘தி பிரிட்ஜ்’ சவுத் பிராங்க்ஸ்காரர்களை உசுப்பிவிட, அவர்கள் பக்கத்திலிருந்து கேஆர்எஸ்-ஒன் பதிலடி கொடுக்க, ஊர்ச்சண்டை பாட்டுச்சண்டையானது.

மாப் டீப்பின் இருவரில் ஹாவக் அந்தக் குடியிருப்புப் பையன். புராடிஜி லாங் ஐலண்டின் ஹெம்ஸ்டெட்டிலிருந்து வந்தவர். இருவரும் மன்ஹாட்டனில் ஓர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்கள். புராடிஜிக்கு இசை குடும்பச் சொத்து: தாத்தா பட் ஜான்சன் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், அம்மா ‘தி கிரிஸ்டல்ஸ்’ குழுவில் பாடியவர். கூடவே பிறவியிலேயே சிக்கிள் செல் நோய், நம் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களை வாட்டுகிற அதே நோய். 2017-இல் அவர் இறக்கும்வரை அந்த வலி விடவில்லை.

‘பொயட்டிகல் புராஃபெட்ஸ்’ என்ற பெயரில் இருந்தபோதே, 1991-இல், ‘தி சோர்ஸ்’ பத்திரிகை புதுமுகங்கள் பகுதியில் இவர்களைப் பற்றி எழுதியது. 1993 ஏப்ரலில் ஃபோர்த் அண்ட் பிராட்வே நிறுவனம் ‘ஜுவனைல் ஹெல்’லை வெளியிட்டபோது இருவருக்கும் வயது 18. ‘பியர் பிரஷர்’ பாட்டுக்கு டிஜே பிரீமியர் இசை; லார்ஜ் புரொஃபசரும் கை கொடுத்தார். பெரிய கைகள்தான். ஆனால் பாட்டுக்குப் பாட்டு டிரம்மின் குணம் மாறுகிறது. பையன்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மிரட்ட வேண்டும் என்ற அவசரம் கேட்கிறது, மிரட்டல் கேட்கவில்லை. ஆல்பம் விற்கவில்லை, நிறுவனம் கைகழுவியது.

நல்லதாகப் போயிற்று என்றே சொல்வேன். வெளியார் இசையை நம்பியிருந்தவர்கள் மெஷினைத் தாங்களே கையில் எடுத்தார்கள். ‘தி சோர்ஸ்’ஸில் அவர்களை அடையாளம் காட்டிய மேட்டி சி இதற்குள் லவுட் ரெக்கார்ட்ஸுக்குப் போயிருந்தார், அங்கே வாய்ப்புக் கிடைத்தது. ‘தி இன்ஃபேமஸ்’ஸில் குரல் தணிந்து, காதோரம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. பயம் அங்கேதான் வருகிறது. கியூ-டிப் மிக்ஸிங்கில் உதவினார், ஆனால் அடித்தளம் ஹாவக்குடையது. ‘ஷூக் ஒன்ஸ் பார்ட் 2’ பாட்டின் பியானோ ஹெர்பி ஹான்காக்கின் 1969 ஆல்பத்திலுள்ள ‘ஜெசிகா’விலிருந்து எடுத்தது. அதை ஹாவக் உருமாற்றிய விதத்தில், இப்படி எடுத்த சாம்பிளின் மூலத்தைத் தேடுவதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கும் 2011 வரை பிடிபடவில்லை.

அப்புறம் மற்றவர்கள் ஹாவக்கைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1997-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘லைஃப் ஆஃப்டர் டெத்’ ஆல்பத்திலேயே அவர் இசையில் ஒரு பாட்டு இருக்கிறது.