வேங்கடம்

வரைபடத்தில் சேஷாசலம். ஆந்திரப் பேருந்தின் பெயர்ப்பலகையில் திருமலை. நம் ஊர்ப் பேச்சில் மேல்திருப்பதி. இத்தனைக்கும் மூத்த பெயர் வேங்கடம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார் தமிழ்நிலத்துக்கு வடக்கு எல்லையாகக் காட்டுவது இந்த மலையைத்தான்.

பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. தலபுராணம் பாவத்தை எரிக்கும் மலை என்கிறது. பக்தர்கள் நெஞ்சில் நிற்பது அதுவே. தமிழ்வழியில் பார்த்தால் 'கடம்' என்பது பாலை நிலத்து வழி. காடு, மலைச்சாரல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. வெம்மையோடு சேர்த்தால் 'வெங்கடம்' என்றல்லவா ஆகும், நெடில் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 'ஆகும்' என்பது 'ஆம்' என்றும், 'போகும்' என்பது 'போம்' என்றும் குறுகுவதுபோல் 'வேகும்' என்பது 'வேம்' என்று குறுகும். வேம் + கடம், வேங்கடம். வெந்து கிடக்கும் வழி.

இந்த விளக்கத்தையே நான் ஏற்கிறேன். இலக்கணம் பொருந்துவது மட்டும் காரணமன்று. நிலமும் சான்று சொல்கிறது. அகநானூற்றில் மாமூலனார் பாடும் வேங்கடம் பெரும்பாலும் பொருள் தேடிப் போகும் தலைவன் கடக்கும் பாலை வழி. அதைத் தாண்டினால் மொழி மாறும் தேசம். கள்வர் தலைவன் புல்லி ஆண்ட அந்த மலை, விழாக்களுக்கும் பெயர்பெற்றது என்று அவரே சொல்கிறார். சித்திரை வைகாசியில் அடிவாரத்தில் நின்று சிவந்த பாறைச் செங்குத்தையும் இலையுதிர்ந்த செம்மரக் காட்டையும் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் அதே மலையில் அருவி கொட்டும். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரத்தின் கருத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதே காப்பியத்தில்தான் வேங்கடத்தின் உச்சியில் திருமால் நின்ற கோலமும் வருகிறது.

ஆழ்வார்கள் பாடியபின் அது திருவேங்கடம் ஆயிற்று. நிருவாகத்திலும் அப்பெயர் ஏறியது. தொண்டைமண்டலத்துக் கோட்டங்களில் ஒன்று திருவேங்கடக் கோட்டம். கோயிலின் பழங் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ்தான். பிறகு ஏழுமலை என்ற கணக்கு வந்தது. சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி. ஒரு காலத்தில் மலைத்தொடர் முழுவதற்கும் உரியதாயிருந்த வேங்கடம் என்ற பெயர், இப்போது ஏழில் ஒன்றுக்கு மட்டும் நிற்கிறது.

'திருப்பதி'க்கு நேர்ந்ததும் இதுவே. வைணவர்களுக்கு அது 108 தலங்களுக்கும் பொதுச்சொல். இன்று ஓர் ஊரின் பெயர்.

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ம.பொ.சி. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று போராடினார். மலை சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் நின்றது. 1960-இல் திருத்தணி நமக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைத்தார்கள். எல்லை எப்படி நகர்ந்தாலும், தெலுங்கு வீட்டு வெங்கடேஸ்வரலுவும் நம் வீட்டு வெங்கடேசனும் சுமப்பது அந்தப் பழைய மலைப்பெயரைத்தான்.