ஓப்பன் சோர்ஸ் போன் எத்தனை வருஷம் ஓடும்?

திருவொத்தியூர்ல இருக்கற என் மாமாவுக்கு எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. போன வாரம் கேட்டார்: "மாப்ள, ஒரு தடவ வாங்குனா ஆறு வருஷம் நெட் ஓடணும். ஓப்பன் சோர்ஸ் நல்லதுன்னு சொல்லிட்டே இருக்கியே, எந்த போன் வாங்க?" சட்டுனு பதில் சொல்ல முடியல. அதுக்குப் பின்னாடி ஒரு பத்து வருஷக் கதை இருக்கு.

2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் 'க்ளவுட் எஃப்எக்ஸ்' போனை 1,999 ரூபாய்க்கு இறக்கியது. உள்ளே மோசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். ஓப்பன் சோர்ஸ்தான், நிரலை யாரும் படிக்கலாம், மாத்தலாம். முதல் ஸ்மார்ட்போன் வாங்கறவங்களுக்குக் கைக்கு எட்டற விலை. ஆனா ரேம் வெறும் 128 எம்பி, நெட் 2ஜி மட்டும். 2015 டிசம்பரில் மோசில்லா போன் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அது அப்போ 4ஜி மட்டுமே இருந்த நெட்வொர்க், இந்த போன்ல அந்த சிம் போட்டும் பிரயோஜனம் இல்ல. நிரலைத் திருத்தலாம், உள்ள இருக்கற சிப்பை என்ன பண்றது?

அந்த நிரல் சாகவும் இல்லை. அதிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017ல் ஜியோபோனுக்குள் வந்தது. டெபாசிட் 1,500 ரூபாய். ஆனா வேற கம்பெனி சிம் அதுல எடுக்காது. ஓப்பன் சோர்ஸில் பிறந்த நிரல், பூட்டின போனுக்குள்ள போய் உட்கார்ந்தது.

இன்னொரு பக்கம் சயனோஜென்மாட். தன்னார்வலர்கள் ஆண்ட்ராய்டை மாத்தி எழுதின சிஸ்டம். 2016 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த கம்பெனி கைவிட்டது. உடனே அதே ஆட்கள் லினேஜ்ஓஎஸ்னு புதுப் பேர்ல தொடர்ந்தாங்க. தயாரிச்ச கம்பெனியே மறந்துபோன பல போன்களுக்கு அதுல அப்டேட் கிடைக்குது. இது பிழைத்ததுக்குக் காரணம் ரெண்டு: அந்த போன்களில் பூட்லோடர் பூட்டைத் திறக்க முடிந்தது, அதே மாடலைக் கையில வெச்சிருந்த யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

அப்டேட் இல்லாட்டி என்ன குடி முழுகிடும்? 2021 செப்டம்பர் 30ல் ஒரு பழைய வேர்ச்சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வாங்கிய ஏராளமான தளங்கள் அதை நம்பி இருந்தன. அப்டேட் வராத பல பழைய கருவிகளில் அந்தத் தளங்கள் திறக்கவே இல்லை. கருவியில எந்தக் கோளாறும் இல்ல, ஆனா நெட்டுக்கு அது செல்லாக்காசு.

அதனால மாமாவுக்கு மூணு விஷயம் சொன்னேன். ஒண்ணு, கம்பெனியே எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தரும்னு எழுதிக் கொடுத்திருக்கு, பாருங்க. ரெண்டு, பூட்லோடரைத் திறக்க கம்பெனி அனுமதிக்குதா, லினேஜ்ஓஎஸ் பட்டியல்ல அந்த மாடல் இருக்கா, பாருங்க. ஒரே பேர்ல வேற வேற சிப் வெச்சு விப்பாங்க, மாடல் நம்பர் வரைக்கும் ஒத்துப்போகணும். மூணு, கம்பெனி அப்டேட் நிக்கற வரைக்கும் பூட்டைத் திறக்காதீங்க. திறந்த போன்ல சில பேங்க் ஆப் ஓடாம அடம்பிடிக்கும்.

"அப்போ பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்ட்?"

"வாங்கலாம் மாமா. பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பரை எனக்கு அனுப்புங்க."